தொரப்பள்ளிக்கும் ஜவளகிரிக்கும் எவ்வளவு தூரம்?

ஓசூரிலிருந்து தெற்கே தளியைக் கடந்து சென்றால் ஜவளகிரி. ஊரை ஒட்டிக் காடு. காட்டுக்கு அப்பால் கருநாடகம். ஆண்டுதோறும் கேழ்வரகுக் கதிர் முற்றும் பருவத்தில், பன்னர்கட்டாக் காட்டு யானைகள் கூட்டங்கூட்டமாக எல்லை கடந்து இந்தக் காட்டுக்குள் வருகின்றன. எந்த மாநிலத்து யானை என்று எவரும் கேட்பதில்லை. எந்தச் சாவடியும் அவற்றைத் தடுப்பதில்லை. ஆனால், அதே காட்டோரத்தில் பிறந்த ஒரு சிறுவன் பள்ளிக்கூடத்தின் வாயிலைக் கடந்து உள்ளே செல்வதற்கு எத்தனை தடைகள்! எத்தனை தலைமுறைகள்!

ஜவளகிரி அடங்கியிருந்த பழைய ஓசூர் வட்டத்திலேயே தொரப்பள்ளி என்னும் சிற்றூரும் இருந்தது. 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், அவ்வூர்க் கிராம முனிசீப்பின் வீட்டிலே ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அக்குழந்தை ஓசூரில் படித்தது. பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் 1894இல் பட்டம் பெற்றது. சென்னை மாநிலக் கல்லூரியில் சட்டம் பயின்று 1897இல் வெளிவந்தது. பின்னர் மாகாணத்தின் பிரதமராகவும், இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவும், சென்னை மாநிலத்தின் முதலமைச்சராகவும் வீற்றிருந்தது. ஆம், ஆச்சாரியாரைத்தான் சொல்லுகிறோம்.

ஒரே வட்டம், ஒரே செம்மண், ஒரே வானம். தொரப்பள்ளியிலிருந்து புறப்பட்ட ஒரு பிள்ளை கவர்னர் ஜெனரல் மாளிகை வரை செல்ல முடிந்தது. ஜவளகிரிக் காட்டோரத்திலே ஆடு மேய்த்த பிள்ளை ஓசூர்ப் பள்ளி வரையிலாவது செல்ல முடிந்ததா? அறிவு ஓரிடத்தில் ஊறி மற்றோரிடத்தில் வற்றிவிட்டதா? இல்லை. ஒருவனுக்குப் பள்ளிக்குச் செல்லும் பாதை பிறக்கும்போதே போடப்பட்டிருந்தது; மற்றவனுக்குப் பாதையே இல்லை. இந்த வேறுபாட்டின் வரலாற்றைத்தான் சிறிது புரட்டிப் பார்க்க விரும்புகிறோம்.

வெள்ளையன் வருமுன் ஊர்தோறும் பள்ளிகள் இருந்தன, எல்லோரும் கற்றனர் என்று பெருமை பேசுவோர் இன்றும் உண்டு. அவர்கள் காட்டும் சான்று மன்றோவின் கணக்கு. தாமஸ் மன்றோ இந்தப் பகுதிக்குப் புதியவர் அல்லர். 1792 முதல் 1799 வரை, இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் அடங்கிய பாராமகாலில் வரி அதிகாரியாகச் சுற்றித் திரிந்தவர். பின்னாளில் சென்னை கவர்னராக வந்தபோது, 1822இல், மாகாணம் முழுவதிலும் உள்ள பள்ளிகளை எண்ணிச் சொல்லுமாறு கலெக்டர்களுக்கு ஆணையிட்டார். 1826இல் கணக்கு முடிந்தது. பள்ளிகளும் உயர்கல்விச் சாலைகளும் சேர்த்து 12,498; பயின்றோர் 1,88,650 பேர்; மக்கள் தொகை 1,28,50,941.

பெரிய எண்தான். ஆனால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 68 பேருக்கு ஒருவர். ஜவளகிரியும் தொரப்பள்ளியும் அன்று அடங்கியிருந்த சேலம் மாவட்டத்தில் 333 பள்ளிகள். பயின்றோர் 4,300 சொச்சம். மக்களோ பத்தே முக்கால் இலட்சம். இங்கே 250 பேருக்கு ஒருவர்! வீட்டிலே கற்போரையும் சேர்த்தால் எண் கூடும் என்று மன்றோ கருதினார். கூடட்டும், ஆனால் வீட்டிலே ஆசிரியரை வைத்துக் கற்பிக்க எந்த வீட்டுக்கு வசதி இருந்தது? ஜவளகிரிக் குடிசைக்கா?

நேர்மையோடு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் திண்ணைப் பள்ளிகளிலே பிராமணப் பிள்ளைகள் மட்டும் உட்காரவில்லை. உழவர், வணிகர் வீட்டுப் பிள்ளைகளும் மணலில் எழுத்துப் பழகினர். கணக்கு மனப்பாடம் செய்தனர். ஆனால் அதற்கு மேலே இருந்த சாத்திரக் கல்விச் சாலைகளில் பயின்றோர் பெரும்பாலும் பிராமணர்களே. ஆக, நாட்டில் இருந்தது ஒரு கல்வி முறை அன்று, இரண்டு. ஒன்று, கடைக் கணக்கு எழுதவும் ஓலை படிக்கவும் போதுமான பள்ளி. மற்றொன்று, சட்டம் சொல்லவும் சாத்திரம் விதிக்கவும் ஆளாக்கும் பள்ளி. இரண்டுக்கும் வெளியே, சேரியிலும் காட்டிலும், எந்தப் பள்ளியும் இல்லாத ஒரு பெருங்கூட்டம். பெண்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்.

நாட்டில் இரண்டு பள்ளிகள் இருக்குமானால், ஒன்று ஆள்பவரை உண்டாக்கும். மற்றொன்று ஆளப்படுபவரை இருந்த இடத்திலேயே இருத்தி வைக்கும். ஆங்கிலக் கல்வி வந்தபோது, ஏற்கெனவே ஏட்டோடு பழகியிருந்த வீடுகள்தாம் முதலில் அதைப் பற்றிக்கொண்டன. பட்டமும் பதவியும் அங்கேயே குவிந்தன. 1916இல் தோன்றிய நீதிக் கட்சி இந்தக் குவியலைத்தான் சுட்டிக்காட்டிற்று. ஏட்டோடு பசியையும் சேர்த்து எண்ணிய தியாகராயர், 1920இல் சென்னை நகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு தர வழி செய்தார். 1928இல் முத்தையா முதலியார் வகுப்புவாரி உரிமைக்கு உயிர் தந்தார். 1951இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்றபோது பெரியார் கிளர்ந்தெழுந்தார். தமிழகம் உடன் எழுந்தது. அரசியல் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டது.

இவ்வளவுக்கும் பிறகுதான் 1953 வந்தது. முதலமைச்சர் நாற்காலியில் தொரப்பள்ளியின் புதல்வர்.

அவருடைய புதிய தொடக்கக் கல்வித் திட்டம் என்ன சொல்லிற்று? கிராமப் பள்ளிகளிலே நாளொன்றுக்கு ஐந்து மணி நேரப் படிப்பு மூன்று மணி நேரமாகக் குறையும். பிள்ளைகள் இரண்டு அணியாகப் பிரிவர். ஓர் அணி படிக்கும்போது மற்றோர் அணி வீட்டுக்குச் சென்று தகப்பன் தொழிலைப் பழகும். ஒரே ஆசிரியர், ஒரே கட்டடம், இரு மடங்கு பிள்ளைகள். பணம் இல்லை, கட்டடம் இல்லை, ஆசிரியர் இல்லை. ஆகவே இருப்பதைப் பகிர்ந்து கொடுக்கிறேன் என்பது அவர் வாதம். கைத்தொழிலின் பெருமையும் கூடவே பேசப்பட்டது.

பற்றாக்குறை பொய் அன்று. ஆனால் அந்தப் பற்றாக்குறையின் சுமையை யார் தலையில் வைத்தார்? நகரத்துப் பள்ளிகளுக்கு இத்திட்டம் இல்லை, கிராமத்துக்கு மட்டும். கைத்தொழில் உயர்ந்தது என்றால், மயிலாப்பூர் வழக்கறிஞரின் மகன் ஏன் பிற்பகலில் மண்வெட்டி பிடிக்கவில்லை? சலவைத் தொழிலாளியின் மகன் மட்டும் ஏன் வெள்ளாவி வைக்க வேண்டும்? படிக்காத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தைத் தவிர ஏட்டைக் காணும் இடம் வேறில்லை. படித்த வீட்டுப் பிள்ளைக்கோ பள்ளியில் குறையும் இரண்டு மணி நேரத்தை வீட்டுத் திண்ணை ஈடு செய்யும். ஒரே கத்தரிக்கோல்தான்; ஆனால் ஒருவனுக்கு நகத்தை வெட்டுகிறது, மற்றவனுக்கு விரலையே வெட்டுகிறது.

இந்த முறைக்கு உலகத்திலே முன்னோடி இல்லாமல் இல்லை. இங்கிலாந்தின் 1844ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பஞ்சாலைகளில் உழைத்த சிறுவருக்கு அரை நாள் வேலை, மூன்று மணி நேரப் பள்ளி என்று வகுத்தது. அரை நாள் பிள்ளைகள் என்றே அவர்களுக்குப் பெயர். பாதி நாள் தறியோடு நின்று களைத்த குழந்தை பள்ளியில் தூங்கிற்று. 1918ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அந்த முறைக்கு முடிவு கட்டியது. இங்கிலாந்து கைகழுவியதை, முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்துச் சென்னை மாநிலம் கிராமத்துக் குழந்தையின் தலையில் கட்டிற்று!

நாடு சும்மா இருக்கவில்லை. இது குலக்கல்வித் திட்டம் என்று பெரியார் பெயர் சூட்டினார். அந்தப் பெயரே ஊரெங்கும் தீயாகப் பரவிற்று. 1953 சூலையில் தி.மு.க. மும்முனைப் போராட்டம் தொடுத்தது. அதில் ஒரு முனை இத்திட்டம். சட்டசபையிலே திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்கு ஆதரவாக 138, எதிராக 138! சபாநாயகரின் ஒற்றை வாக்கால் திட்டம் பிழைத்தது. வல்லுநர் குழு ஆராயட்டும் என்ற தீர்மானம் பின்னர் நிறைவேறியது. பருலேகர் குழு அமைந்தது. அது திட்டத்துக்கு நற்சான்றும் வழங்கிற்று. ஆனால் மக்கள் வழங்கவில்லை. ஆளுங்கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு முற்றியது. 1954இல் ஆச்சாரியார் விலகினார், காமராசர் முதலமைச்சரானார், அவ்வாண்டு மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. பள்ளிகள் பெருகின, கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். நண்பகல் உணவு கிராமத்துக்கு வந்தது. வெறுங்கையோடு இருந்த அதே அரசுக்குத்தான் இவ்வளவும் முடிந்தது. ஆகவே இல்லாதிருந்தது பணம் மட்டும் அன்று, மனம்.

அந்தப் போரில் தோற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஓசூரையே கேட்போம். 1971இல் சிப்காட் நிறுவனம் தோன்றியது. சில ஆண்டுகளில் ஓசூரிலே தொழிற்பேட்டை எழுந்தது. 1980களிலே சரக்குந்தும் மொபெட்டும் கைக்கடிகாரமும் அங்கே உருவாயின. 1953இல் ஏழு வயதான ஒரு பிள்ளை, ஆலைச் சங்கு முதலில் ஊதியபோது முப்பதை நெருங்கியிருப்பான். அந்த ஆலை வாயிலில் அவனைக் கேட்ட முதற் கேள்வி, உன் தகப்பன் தொழில் என்ன என்பதன்று. எத்தனையாவது வரை படித்தாய் என்பது. மூன்று மணி நேரப் பள்ளியில் பயின்றவன் என்ன விடை சொல்லியிருப்பான்? தன் மண்ணில் எழுந்த ஆலையை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருப்பான். தகப்பன் தொழிலைப் பழகு என்றவர்களுக்கு, தகப்பன் காலத்து உலகம் அப்படியே நிற்காது என்பது தெரியாமலா போயிற்று?

வென்றோம் என்று மார்தட்டி அமர்ந்துவிடலாமா? 2011 மக்கள் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 80 பேர் எழுத்தறிந்தவர், கன்னியாகுமரியில் 92, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 71. ஆலைகள் நிறைந்த மாவட்டத்தின் நிலை இது! 2010ஆம் ஆண்டின் சமச்சீர் கல்விச் சட்டம் நான்கு வாரியப் பாடத்திட்டங்களை ஒன்றாக்கியது. 2011இல் உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. பாடப் புத்தகம் ஒன்றாயிற்று. ஆனால் பள்ளிப் பேருந்து வாயிலுக்கே வந்து ஏற்றிச் செல்லும் ஓசூர்ப் பிள்ளைக்கும், யானை நடமாடும் தடத்தில் நடந்து செல்லும் காட்டோரப் பிள்ளைக்கும், வழி இன்னும் ஒன்றாகவில்லை. உயர்நிலைப் பள்ளி தொலைவில் இருக்குமானால் முதலில் நிறுத்தப்படுபவள் மகள். இரண்டு பள்ளிகள் என்னும் பழைய நோய் வேறு உருவில் நம்மோடுதான் இருக்கிறது.

இன்னுமொன்று, இது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது. இந்த எல்லைப்புறத்தில் பல வீடுகளின் மொழி தெலுங்கு, பல வீடுகளின் மொழி கன்னடம். 1938இல் இந்தியைக் கட்டாயமாக்கியபோது, குழந்தையின் வாயில் இல்லாத மொழியைக் கட்டாயத்தால் திணிப்பது கல்வியாகாது என்று சொன்னவர்கள் நாம். அந்தச் சொல்லுக்காக நடராசனும் தாளமுத்துவும் 1939இல் உயிர் நீத்தனர். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழைப் பத்தாம் வகுப்பு வரை கட்டாயப் பாடமாக்கியது. தமிழ்நாட்டில் வாழும் பிள்ளை தமிழ் அறிவது அவனுக்கே நன்மை. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் தெலுங்கு பேசும் குழந்தைக்கும் கன்னடம் பேசும் குழந்தைக்கும், அவர்கள் மொழி அறிந்து தமிழைப் படிப்படியாகக் கற்றுத்தரும் ஆசிரியரை அனுப்பினோமா? சட்டத்தை முதலில் அனுப்பி ஆசிரியரைப் பிறகு தேடினால், பெற்றோர் நீதிமன்றத்தை நாடத்தான் செய்வர், நாடினர், தேர்வில் விலக்கும் பெற்றனர். விலக்குப் பெற்ற பிள்ளைக்குத் தமிழும் வரவில்லை என்றால் யாருக்கு வெற்றி? நம் மொழிக்கு நாம் கேட்ட நீதியை நம் எல்லையில் வாழும் பிறமொழிக் குழந்தைக்கும் வழங்கினால்தான், நாம் கேட்டது நீதி. இல்லையேல் அது வெறும் ஆசை.

காமராசர் தொடங்கிய உணவு விரிந்து வளர்ந்து, 2022இல் காலைச் சிற்றுண்டியாகவும் வந்தது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு 2020இல் கிடைத்தது. இவை நூறாண்டுப் போராட்டத்தின் கனிகள். அந்தக் கனி காட்டோரக் கிளை வரை எட்ட வேண்டும். அதற்கு வேண்டியவை மாயமந்திரம் அல்ல: நடந்து செல்லத்தக்க தொலைவில் பள்ளி, நடக்க முடியாத இடத்தில் வண்டி, முழு நேரமும் இருக்கும் ஆசிரியர், குழந்தையின் மொழி அறிந்த ஆசிரியர்.

தொரப்பள்ளிக்கும் ஜவளகிரிக்கும் எவ்வளவு தூரம்? சாலையிலே சென்றால் அரை நாளும் ஆகாது. கல்வியிலே அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு நூற்றாண்டும் போதவில்லை. தொரப்பள்ளிப் பிள்ளை எட்டிய உயரத்தை நாம் பழிக்கவில்லை. ஏறிய ஏணியை ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாதியாக வெட்டித் தர முனைந்ததைத்தான் எதிர்த்தோம். அந்த ஏணியை முழுமையாக ஜவளகிரியின் கடைசிக் குடிசை வாயிலில் கொண்டுபோய்ச் சாத்தும் நாள்வரை, 1953ஆம் ஆண்டின் போர் முடிந்துவிட்டதாக நாம் சொல்லிக்கொள்ள முடியாது.