நுரையீரலில் ஒரு புள்ளி

வகுப்பில் நாம் ஒரு சோதனை செய்து காட்டுவதுண்டு. பலூனை ஊதி, அதன்மேல் மையால் ஒரு புள்ளி இடுவோம். காற்றை இறக்கியதும் அப்புள்ளி சுருக்கங்களுக்குள் மறைந்துவிடும். நுரையீரலில் உள்ள சிறு முடிச்சை அகற்றப் புகும் மருத்துவருக்கும் இதே இடர்ப்பாடுதான். அதை வென்ற வரலாற்றை இன்று காண்போம்.

1895ஆம் ஆண்டு ஜெர்மனியில் ரோஞ்சன் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டுபிடித்தார். மார்பை அறுக்காமலே உள்ளே பார்க்க வழி பிறந்தது. 1910இல் சுவீடன் நாட்டு மருத்துவர் யாக்கோபேயஸ், சிறுநீர்ப்பையை நோக்கும் குழாயை மார்புக்குள் செலுத்திப் பார்த்ததாக அறிவித்தார். பின்னர் காசநோயாளருக்கு அதன் துணையோடு சிகிச்சையும் செய்தார்.

புற்றுநோய்க்கோ, மார்பை அகலத் திறக்க வேண்டியிருந்தது. 1933இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம், நோய் கண்ட நுரையீரல் ஒன்றை முழுவதும் அகற்றி நோயாளியைக் காப்பாற்றினார். எஞ்சிய நுரையீரல் மூச்சைத் தாங்கியது. ஆனால் இரு பக்கமும் முடிச்சுகள் இருந்தால் என்ன செய்வது? இரண்டையும் இழந்து மனிதர் வாழ முடியாதே!

1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. ஸ்கேன் கருவி, லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. பின்னர் அது மார்பையும் படம் பிடித்தது. சில மில்லிமீட்டர் அளவே உள்ள முடிச்சுகளும் தெரியலாயின. 1990களில் சிறு துளைகள் வழியே கேமராவைச் செலுத்திச் செய்யும் அறுவைச் சிகிச்சை பரவியது.

இங்கேதான் புதிய சிக்கல் எழுந்தது. திறந்த மார்பில் முடிச்சை விரலால் தடவிக் கண்டறிந்தனர். சிறு துளை வழியே அவ்வாறு தடவிப் பார்ப்பது கடினம். மேலும், சிகிச்சையின்போது அந்த நுரையீரலின் காற்றை இறக்கிவிடுவர். அதற்கு விடையாகவே, சி.டி. படத்தைப் பார்த்தபடி ஊசியைச் செலுத்தி, முடிச்சின் அருகே கொக்கிக் கம்பியோ சாயமோ வைக்கும் முறை வந்தது. காற்று இறங்கினாலும் அடையாளம் பெரும்பாலும் தவறாது. ஊசி பட்டு நுரையீரலிலிருந்து காற்றுக் கசியலாம். எனவே கண்காணிப்பு வேண்டும்.

இருபுறமும் முடிச்சுகள் உள்ளவருக்கு இம்முறை பெருந்துணை. முடிச்சையும் அதைச் சுற்றிய சிறு பகுதியையும் மட்டும் நீக்கி, நல்ல பகுதியை மூச்சுக்காக மீதம் வைக்க முடிகிறது. உடல்நிலைக்கேற்ப இரு பக்கமும் ஒரே நாளிலோ, இடைவெளி விட்டோ செய்வர்.

நேயர்களே, சிறு முடிச்சுகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆகவே படத்தில் புள்ளி என்றதும் கலங்க வேண்டாம். மருத்துவர் மறுபடி வரச்சொன்ன நாளைத் தவறவிடவும் வேண்டாம்.