மரகதத்தின் ஊர் எது?

ஸ்காபரோ நகைக்கடைகளில் நவரத்தின மோதிரம் தேடும் எம்மவர் பலருக்கு அதிலுள்ள பச்சைக்கல்லும் 'ஊர்க்கல்'தான். ஆனால் எமது தீவின் இரத்தினபுரி பேர்பெற்றது நீலத்துக்கும் வைடூரியத்துக்குமே, மரகதத்துக்கு அல்ல. 'மரகதம்' என்ற சொல்கூட கிரேக்கரின் 'ஸ்மராக்டோஸ்' என்பதோடு உறவுடையது.

உரோமர் காலத்தில் எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் மரகதம் தோண்டினார்கள். அதே பாலைவனக் கரையிலிருந்த பெரெனிகே துறைமுகத்தில் தமிழ்ப் பிராமி பொறித்த பானையோடு கிடைத்திருக்கிறது. எம்மவரும் அங்கே போய்வந்திருக்கிறார்கள்.

பிற்காலப் பெருங்கற்களின் கதை வேறு. இன்றைய கொலம்பியாவில் மூசோ மக்களின் நிலத்தை, அவர்களது கடும் எதிர்ப்பை முறியடித்து, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் பறித்தனர். சுரங்கங்களில் கட்டாய உழைப்பாலும் நோயாலும் அம்மக்கள் கொத்துக்கொத்தாய் மடிந்தனர். கற்களோ கடல் கடந்து, கோவா வழியாகவும் மொகலாயரிடம் சேர்ந்தன. பிரார்த்தனையும் பூக்களும் செதுக்கிய, 1695-96க்குரிய 217.80 கரட் கல்லொன்று இன்று டோகா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இத்தகைய கற்களை ஆசியாவின் தொலைந்துபோன 'பழஞ்சுரங்க'த்துக்குரியவை என்று வியாபாரிகள் நெடுங்காலம் சொல்லி விற்றனர். 2000ஆம் ஆண்டில் ஒட்சிசன் சமதானிகளை அளந்த ஆய்வு, ஐதராபாத் நிஜாமின் கருவூலத்துக் கற்கள் சிலவும் கொலம்பியாவினவே எனக் காட்டியது. மூசோவின் நிலத்தை எடுத்தவர்கள் ஸ்பானியர்; பெயரை எடுத்தது சந்தை. இரண்டாவதை நாம் சிறிய களவாக எண்ணலாமா?

மோதிரம் வாங்கும்போது கல்லின் ஊரைக் கேளுங்கள். வெடிப்பு மறைக்க எண்ணெய் ஊட்டியிருக்கிறதா என்றும் கேளுங்கள். பெரும்பாலான மரகதங்களுக்கு ஊட்டியிருப்பார்கள்.