பீடித் தட்டும் மூளையின் கூலியும்

கவனச் சிதறலை வெல்வது பற்றிப் பேசுகிறவர்கள் இப்போது மூளையின் 'வெகுமதி மண்டல'த்தோடுதான் வருகிறார்கள். வேலையைச் சிறு துண்டுகளாக்கு; ஒவ்வொரு துண்டு முடிந்ததும் உனக்கு நீயே பரிசளி; டோபமைனை ஆளக் கற்றுக்கொள். இவற்றைப் படிக்கும்போதெல்லாம் முக்கூடலில் எங்கள் வீட்டுத் திண்ணையும் அம்மாவின் மடியிலிருந்த பீடித் தட்டும்தான் எனக்கு ஞாபகம் வருகின்றன. (பள்ளு பாடிய முக்கூடல் சீவலப்பேரி என்பார்கள், நான் சொல்வது பீடியால் பேர்பெற்ற ஊரை.)

வேலையைத் துண்டாக்கும் உபாயம் மூளை விஞ்ஞானத்தின் கண்டுபிடிப்பல்ல. துண்டுக்கூலிக்கு அது நெடுங்காலமாகத் தெரியும். 'ஆயிரத்துக்கு இவ்வளவு' என்பதுதான் பீடிக்கூலி. இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, தலை மடக்கி, நூல் கட்டவேண்டும். கடிகாரம் வழியாக உழைப்பு ஒழுங்கு உடலுக்குள் நுழைந்ததை இ.பி. தாம்சன் 1967இல் எழுதினார். எங்கள் திண்ணையில் கடிகாரம் இல்லை, மேஸ்திரியும் இல்லை. எண்ணிக்கையே கண்காணிப்பாகி விரல்களுக்குள் இறங்கியிருந்தது.

1954இல் ஓல்ட்ஸும் மில்னரும் எலியின் மூளையில் மின்முனை வைத்தார்கள். அந்த மின்தூண்டலுக்காக எலி ஓயாமல் நெம்புகோலை அழுத்தியது. 1990களில் வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டது இன்னும் நுட்பமானது. பழகிய பிறகு டோபமைன் செல்கள் பழரசத்துக்கல்ல, அது வரப்போகிறது என்ற குறிப்புக்கே துடிக்கின்றன. எதிர்பார்த்த ரசம் வராவிட்டால் அந்தக் கணத்தில் அவற்றின் துடிப்பு தாழ்ந்துவிடுகிறது. பீடிக்கடையில் கணக்குப்பிள்ளை ஒரு கையளவு பீடியைக் 'கழிவு' என்று ஒதுக்கும்போது அம்மாவின் முகம் தாழ்வதைப் பார்த்தவனுக்கு இது புதிதல்ல. கழிவுக்குக் கூலி கிடையாது. குரங்குக்கும் அம்மாவுக்கும் பொதுவான ஒன்று உண்டு: பரிசை நிறுத்தும் கை அவர்களுடையதல்ல.

சரி, கவனச் சிதறல்? அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிச் சுற்றும்போது ஊர்க்கதை ஓடும், இலங்கை வானொலி பாடும். "வேலையில கவனம் சிதறாதாம்மா?" என்று கேட்டேன். "கை பாட்டுக்கு கை ஓடும்ல. காதும் வாயும் சும்மா கெடந்தாத்தாம்ல கை நிக்கும்" என்றாள். ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865இல் உரக்க வாசிப்பவர்கள் வந்தார்கள்; மறு ஆண்டே ஸ்பானிய ஆட்சி அதைத் தடைசெய்தது. கண்ணூர் பீடித் தொழிலாளர்களும் ஒருவரை வாசிக்கவைத்துப் பத்திரிகை கேட்டார்கள். அங்கேதான் 1969இல் தினேஷ் பீடிக் கூட்டுறவு பிறந்தது. எது சிதறல், எது சிந்தனை என்பதை யார் வரையறுப்பது என்பதே இங்கு அரசியல்.

இன்னொரு முரண். அம்மா சுற்றிய தூளிலிருந்த நிகோடின் எங்கோ ஒருவரின் மூளையில் இதே டோபமைனைத்தான் கிளறியது. ஒரே மண்டலத்தின் ஒரு முனையில் கூலிக்காக ஓடும் விரல், மறுமுனையில் விடமுடியாத உதடு. நடுவில் லாபம்.

எழுத உட்காரும்போது நானும் கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிடுகிறேன். பலன் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 'உன் மூளையை நீயே மேய்த்துக்கொள்' என்ற போதனை, பரிசின் அளவையும் நேரத்தையும் தீர்மானிப்பவரை அப்படியே மறைத்துவிடுகிறது. சுற்றுகிறவர் வேகத்தைக் கூட்டலாம். ஆயிரத்துக்கு எவ்வளவு என்பதைத் தனியாளாக மாற்றமுடியாது. அதற்குச் சங்கம் வேண்டியிருந்தது. வீட்டிலிருந்து சுற்றுகிறவரும் தொழிலாளியே என்று சொல்ல 1966இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. மனஉறுதி பற்றிய எந்தப் பேச்சும் அந்த வரலாற்றிலிருந்து தொடங்கட்டும்.