யாகுத்தியாவின் வான்வழிகள்

ருஷ்யாவின் யாகுத்தியப் பகுதி பரப்பில் இந்தியாவைவிடச் சற்றே சிறியது. மக்கள் தொகையோ ஏறத்தாழ 10 இலட்சமே. 1632-இல் லேனா நதிக்கரையில் கோசாக்குகள் எழுப்பிய கோட்டையே பின்னர்த் தலைநகர் யாகுத்ஸ்க் ஆயிற்று. நெடுங்காலம் அங்கு நதியே நெடுஞ்சாலை. கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த நீரின்மேல் சறுக்குவண்டி. பனி உருகும் நாட்களிலும் நீர் உறையத் தொடங்கும் நாட்களிலும் இரண்டும் பயன்படா. ஊர்கள் வாரக்கணக்கில் தனித்து நின்றன.

அத்தனிமையைத் தணித்தது ஆகாய விமானம். 1942 முதல் 1945 வரை அமெரிக்கா அளித்த ஏறத்தாழ 8,000 போர் விமானங்கள் அலாஸ்காவிலிருந்து சைபீரியா வழியே ஓட்டிச் செல்லப்பட்டன. அவற்றின்பொருட்டு, கடுங்குளிருக்குப் பெயர்பெற்ற ஒய்மியாகோன் பகுதியிலும் ஓடுதளம் அமைந்தது. போர் ஓய்ந்தது, வான்வழி நிலைத்தது. பிற்காலத்தில் யாகுத்ஸ்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட போலார் ஏர்லைன்ஸ், ஆர்க்டிக் கடலோரத் திக்ஸி, கோலிமா நதிக்கரைச் செர்ஸ்கி, யானா நதிக்கரைப் பத்தகாய் முதலிய ஊர்களுக்குச் சிறு விமானங்களை இயக்கிற்று.

இத்தகைய ஊர்ப்பட்டியலிலிருந்து ஒரு பெயர் நீங்கினால், அவ்வூரார்க்கு மருத்துவமனையும் உறவினர் வீடும் எட்டாத் தொலைவாகிவிடும். பிறந்த ஊரைப் பிரிந்து வாழும் நமக்கு அதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.