ஒலியட்டை உள்ளும் புறமும்: ஒரு வரலாற்று நோக்கு

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றரையிலே நெருங்கி எழுந்தவை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதிய கடற்கோளின் பின்னர், கிழக்குக் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டுதல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், கரையை இழந்தோரும் உட்புறத்திலேயே இடந்தேட நேர்ந்தது. இத்தகைய ஊரில், இஷாத் தொழுகை முடிந்து அயல் வீடுகள் உறங்கும் வேளையில், கணினிப் போர் விளையாட்டின் வெடியோசையை ஒலிபெருக்கியில் எழுப்புதல் இயலாத காரியம். ஆகவே விளையாட்டுக்கான ஹெட்போன் இங்கு ஆடம்பரப் பொருளன்று. அயலவர் உறவைக் காக்கும் கருவியுமாகும். அதனோடு புற ஒலியட்டை ஒன்றும் வேண்டுமா என்பதே இளைஞர் பலர் முன்னுள்ள வினா. அதற்கு விடை காண, ஒலியட்டை கணினிக்குள் புகுந்ததும் வெளியேறியதுமான வரலாற்றை நோக்குதல் பொருத்தமாகும்.

1981 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினிக்கு ‘பீப்’ என்ற ஓசையன்றி வேறு குரல் இருக்கவில்லை. அலுவலகத்துக்கென ஆக்கப்பட்ட பொறிக்கு இசை எதற்கு என்று கருதினர் போலும். அக்குறையை நீக்கிய தொடக்ககாலக் கருவிகளுள் ஒன்றான ‘கோவொக்ஸ் ஸ்பீச் திங்’, அச்சுப்பொறிக்குரிய துவாரத்தில் வெளியே செருகப்படுவது. அஃதாவது, புற ஒலியட்டை இன்றைய புதுமை அன்று. ஆயினும் அன்று வென்றது உள்ளே பொருத்தும் அட்டையே. கனடாவின் கியூபெக்கில் உருவான ‘அட்லிப்’ 1987 இல் வெளிவந்தது. யமஹாவின் வை.எம். 3812 என்னும் சில்லு அதன் உயிர்நாடி.

அட்லிப்பை வீழ்த்தியவர் சிங்கப்பூரைச் சேர்ந்த சிம் வொங் ஹூ. 1981 இல் சிறியதொரு கணினித் திருத்தகமாக அவர் தொடங்கிய ‘கிரியேட்டிவ்’ நிறுவனம், 1989 இல் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ அட்டையை வெளியிட்டது. அட்லிப்பின் அதே சில்லு இதிலும் இருந்தது. அதனோடு பதிவுசெய்த குரலையும் வெடியோசையையும் ஒலிக்கும் ஆற்றலும், தனியே வாங்கவேண்டியிருந்த விளையாட்டுக் கோலுக்கான துவாரமும் சேர்ந்திருந்தன. அட்லிப்புக்கென எழுதிய விளையாட்டுகள் யாவும் இதிலும் இயங்கின. 1992 இல் அட்லிப் முறிந்தது. அதே ஆண்டில் கிரியேட்டிவ் அமெரிக்க நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. இங்கு நோக்கத்தக்கது யாதெனில், வெற்றியை முடிவுசெய்தது ஒலியின் இனிமையன்று. எதனோடும் பொருந்தும் தன்மையும் ஒரே விலைக்குள் அடங்கிய வசதிகளுமே.

அட்டையின் பொற்காலம் 1990களின் பிற்பகுதி எனலாம். ‘ஓரியல்’ நிறுவனத்தின் ஏ3டி நுட்பமும் கிரியேட்டிவின் ஈ.ஏ.எக்ஸ். நுட்பமும், எதிரியின் காலடி எத்திசையில் கேட்கிறது, ஓசை எவ்வகை மண்டபத்தில் எதிரொலிக்கிறது என்பவற்றைக் கணித்துக் காட்டின. வழக்குச் செலவினால் நலிந்த ஓரியல் 2000 ஆம் ஆண்டில் முறிய, அதன் சொத்துகளைப் போட்டியாளரான கிரியேட்டிவே வாங்கிற்று. அவ்வெற்றியும் நெடுநாள் நீடிக்கவில்லை. இன்டெல் 1997 இல் வகுத்த ஏ.சி. 97 நியமத்தைப் பின்பற்றி, தாய்ப்பலகைகளிலேயே ஒலிச்சில்லுகள் மலிவாக வரலாயின. 2007 இல் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, ஒலியட்டையின் தனிக்கணிப்பு ஆற்றலை விளையாட்டுகள் பயன்படுத்திவந்த பழைய வழியை அடைத்துவிட்டது. அட்டைக்குரிய வேலையை மையச் செயலியே செய்யத் தலைப்பட்டது.

எஞ்சியது ஒரேயொரு வேலை: இலக்கங்களை மின்னலையாக மாற்றி, ஹெட்போனை இயக்கும் வலுவை அளித்தல். அதனைக் கணினிக்கு வெளியே செய்வதில் நன்மையுண்டு. கணினிப் பெட்டியினுள் மின்விசிறியும் வரைகலை அட்டையும் எழுப்பும் மின்னிரைச்சல், தாய்ப்பலகையின் ஒலிப்பாதையில் புகுந்து சீறலாகக் கேட்பதுண்டு. கிரியேட்டிவே 2002 இல் ‘எக்ஸ்டிஜி’ என்ற யூ.எஸ்.பி. பெட்டியை வெளியிட்டது. கரையோர ஊர்களுக்கு வேறொரு நன்மையும் உண்டு. உப்புக் காற்றினால் அரித்துப்போகும் ஹெட்போன் துவாரம் தாய்ப்பலகையோடு இணைந்திருப்பின், அதனை மாற்றுதல் சிக்கலான வேலை. வெளியே செருகும் சிறு அட்டை பழுதானால் அதனை மட்டும் எறிந்துவிடலாம்.

எனினும் விற்பனையாளர் கூறும் யாவற்றையும் ஏற்பதற்கில்லை. யூ.எஸ்.பி. பெட்டியும் மின்சாரத்தை அதே கணினியிலிருந்தே பெறுகின்றது. நிலத்தொடுப்புக் கோளாற்றால் எழும் ‘உம்’ என்ற ஓசை அதனூடாகவும் வரலாம். 32 ஓம் அளவிலான தடையுடைய சாதாரண ஹெட்போனைப் பெரும்பாலும் கணினியின் சொந்தத் துவாரமே போதிய வலுவுடன் இயக்கும். 250 ஓம் வகையினதற்கே மேலதிக வலு தேவைப்படும். ‘7.1’ என்று பொறித்த அட்டையும், இரு ஒலிப்பான்களே கொண்ட ஹெட்போனில் கணிப்பினால் எழும் ஒரு மாயத்தையே தருகின்றது. யூ.எஸ்.பி. முனையுடன் வரும் ஹெட்போனினுள் ஒலியட்டை ஏற்கெனவே உண்டு. அதற்கு மேலும் ஒன்றை வாங்குதல் வீண்செலவு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டதைக் கண்ட ஒரு நாட்டில் இது சிறிய விடயமன்று.

பணத்தினும் பெரிது செவி. உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம் என வரையறுத்துள்ளது. ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் காலம் பாதியாகக் குறைதல் வேண்டும்: 83 இல் 20, 86 இல் 10, 89 இல் 5 மணித்தியாலம். ஒலியைப் பெருக்கும் பெட்டியை வாங்கியவன் அதன் திருகியைத் திருப்பாதிருத்தல் அரிது. மருதமுனையிற் போன்று தறியோசை கேட்கும் வீட்டில், புற ஓசையை மூடுவதற்காகவே ஒலியைக் கூட்டும் பழக்கம் எளிதில் வந்துவிடும். அத்தகையோர்க்கு வலுமிக்க பெட்டியைவிட, செவியை நன்கு மூடும் உறையுடைய ஹெட்போனே ஏற்றது. செவியின் உட்புறத்து மயிர்க்கலங்கள் ஒருமுறை அழிந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. இவ்வொரு காரணமே, வலுக்கூடிய பெட்டிக்கு எதிரான வாதங்களுள் தலையாயது.

உண்மையில் தேவைப்படுவது, இரைச்சலற்ற சிறு அட்டை ஒன்றே. 2016 இல் ஐபோன் 7 ஹெட்போன் துவாரத்தைக் கைவிட்டபோது, அதனோடு வழங்கப்பட்ட விரலளவு இணைப்பானுக்குள் முழுமையானதோர் இலக்க மாற்றி அடங்கியிருந்தது. அதன் வழியே வந்த யூ.எஸ்.பி.-சி இணைப்பான்கள் பலவும் அவ்வாறே. அவை மடிக்கணினியிலும் இயங்கும். புற ஒலியட்டை வாங்கலாமா என வினவும் இளைஞர் சிலரின் மேசை இழுப்பறையில் அஃது ஏற்கெனவே கிடக்கின்றது.