இயந்திரத்துக்கு மனம் உண்டா? – வெள்ளித்திரை கேட்ட கேள்வி



எங்களைப் போன்ற தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் அன்றாடம் காணும் காட்சி ஒன்றிலிருந்து இன்றைய உரையைத் தொடங்குவோம். ஏழாம் வாய்பாட்டைத் தடங்கலின்றி ஒப்பிக்கும் மாணவன் ஒருவன் முன் வரிசையில் இருப்பான். ஏழு பேருக்கு ஆளுக்கு எட்டு ரம்புத்தான் பழம் கொடுக்க எத்தனை பழம் வேண்டும் என்று கேட்டால் விழிப்பான். கடைசி வரிசையில் வாய் திறவாமல் ஒரு மாணவி அமர்ந்திருப்பாள். இவ்விருவரில் பொருள் உணர்ந்தவர் யார்? பிறர் மனத்தை நாம் நேரில் காண்பதில்லை. வெளியே வரும் சொல்லையும் செயலையும் கொண்டு ஊகிக்கிறோம், அவ்வளவே.

இதே சிக்கல்தான் இயந்திரத்தைப் பற்றியும் எழுந்துள்ளது. சிந்திப்பதுபோல் பேசும் இயந்திரத்துக்கு மனம் உண்டா? இக்கேள்வியைப் பொதுமக்கள் முன்னே பெரிய அளவில் கொண்டு வந்தவை நாடக மேடையும் வெள்ளித்திரையும் ஆகும். அந்த வரலாற்றைச் சற்றே காண்போம்.

1921ஆம் ஆண்டில் பிராக் நகரில் செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக்கின் நாடகம் ஒன்று மேடையேறியது. 'ரோபோ' என்னும் சொல்லை உலகுக்குத் தந்தது அந்நாடகமே. செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால், நிலப்பிரபுவுக்குக் குடியானவர்கள் செய்தாக வேண்டிய கட்டாய வேலை என்று பொருள். நாடகத்தில் வரும் செயற்கை மனிதர்கள் உழைப்பதற்கென்றே உருவாக்கப்பட்டவர்கள். உணர்ச்சி வேண்டாம் என்று விடப்பட்டவர்கள். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களைத் தலை எண்ணி வேலைக்கு அனுப்பிய தோட்ட வாழ்க்கையை அறிந்த நமக்கு, இச்சொல்லின் பொருள் எளிதில் விளங்கும். உழைக்கும் கைதான் தேவை, உள்ளே இருக்கும் மனம் தேவையில்லை என்று கருதிய காலம் மனிதர் வரலாற்றிலும் இருந்தது அல்லவா?

1927ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் லாங் இயக்கிய 'மெட்ரோபோலிஸ்' என்னும் ஊமைப்படம் வெளிவந்தது. தொழிலாளர்கள் நம்பிய மரியா என்னும் பெண்ணின் உருவத்தை ஓர் இயந்திரத்துக்குக் கொடுத்து, அவர்களை ஏமாற்றுகிறார்கள். மரியாவாகவும் இயந்திரமாகவும் நடித்தவர் பிரிகிட்டே ஹெல்ம் என்னும் ஒரே நடிகை. முகம் ஒன்றாக இருந்தால் மனமும் ஒன்றாக இருக்கும் என்று மக்கள் நம்பிவிடுவார்கள் என்பதை அப்படம் காட்டிற்று.

பின்னர் அறிவியல் உலகமும் இக்கேள்வியை எடுத்துக்கொண்டது. 1950ஆம் ஆண்டில் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஆலன் டியூரிங் ஒரு சோதனையை முன்வைத்தார். நடுவர் ஒருவர், தம் கண்ணில் படாத ஒரு மனிதரோடும் ஓர் இயந்திரத்தோடும் எழுத்து வாயிலாக உரையாட வேண்டும். எது மனிதர், எது இயந்திரம் என்று அவரால் திடமாகப் பிரித்தறிய முடியாவிட்டால், அவ்வியந்திரம் சோதனையில் தேறியதாகக் கொள்ளலாம். மனம் என்னும் மறைபொருளை விட்டுவிட்டு, வெளியே வரும் விடையைப் பார்க்கச் சொன்னார் அவர்.

ஆனால் விடையைப் பார்த்து ஏமாறுவதும் எளிதே. 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜோசப் வைசன்பாம் என்னும் அறிஞர் 'எலைசா' என்னும் கணினி நிரலைப் பற்றி அறிவித்தார். மனநல மருத்துவரைப் போல அது உரையாடும். நாம் எழுதிய சொற்களையே திருப்பிப் போட்டுக் கேள்வியாக்குவதைத் தவிர அது பெரிதாக எதையும் செய்யவில்லை. இருந்தும், அதை அவர் உருவாக்குவதை மாதக்கணக்கில் பார்த்திருந்த அவருடைய செயலாளரே, எலைசாவுடன் தனியாகப் பேச விரும்பி அவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னாராம். இது வைசன்பாமைத் திடுக்கிடச் செய்தது.

இரண்டே ஆண்டுகளில், 1968இல், ஸ்டான்லி கூப்ரிக் இயக்கிய '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' திரைக்கு வந்தது. இலங்கையில் குடியேறி வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் அதன் கதையைக் கூப்ரிக்குடன் சேர்ந்து எழுதினார். அதில் விண்கலத்தை நடத்தும் ஹால் என்னும் கணினி, பயணிகளைக் கொல்லத் துணிகிறது. எஞ்சிய ஒருவர் அதன் நினைவுப் பகுதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார். அப்போது ஹால் தனக்குப் பயமாக இருக்கிறது என்கிறது. தான் கற்ற பழைய பாட்டொன்றைப் பாடியபடியே அடங்கிப் போகிறது. 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஒரு கணினியைப் பாட வைத்த அதே பாட்டு அது.

கொலை செய்த இயந்திரத்துக்காக அரங்கில் இருந்தவர்கள் இரங்கினார்கள். அந்த இரக்கம் நியாயமா? படத்திலேயே இக்கேள்வி வருகிறது. ஹாலுக்கு உண்மையில் உணர்ச்சி உண்டா என்று ஒலிபரப்பாளர் கேட்கும்போது, இருப்பதுபோல் நடந்துகொள்கிறது, உண்மையை யாரால் சொல்ல முடியும் என்ற வகையில் விண்வெளி வீரர் விடை தருகிறார். ஒன்றை நாம் மறக்கலாகாது. நம்மை இரங்க வைத்த குரல் டக்ளஸ் ரெயின் என்னும் கனடா நாட்டு நடிகருடையது. திரையில் நாம் காணும் இயந்திர மனத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு மனித மனம் இருக்கிறது. ஆகவே திரைப்படம் இக்கேள்வியைக் கேட்கலாமே தவிர, மெய்ப்பித்துக் காட்ட இயலாது.

1980ஆம் ஆண்டில் ஜான் சேர்ல் என்னும் தத்துவ அறிஞர் டியூரிங்கின் சோதனையை மறுத்தார். சீனமொழி அறியாத ஒருவர் ஓர் அறைக்குள் இருக்கிறார். விதிநூலைப் பார்த்து, உள்ளே வரும் சீன எழுத்துகளுக்கு ஏற்ற எழுத்துகளை வெளியே அனுப்புகிறார். வெளியில் இருப்பவருக்கு அவர் சீனமொழி வல்லவர் என்றே தோன்றும். அவருக்கோ ஒரு சொல்லும் விளங்காது. நம் வாய்பாட்டு மாணவனை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

1982இல் ரிட்லி ஸ்காட் இயக்கிய 'பிளேட் ரன்னர்' மறுபக்கத்தைக் காட்டியது. செயற்கைப் பிறவிகளைக் கண்டுபிடிக்கக் கேள்விகள் கேட்டு, கண்ணின் அசைவை அளக்கிறார்கள். அடிமை வேலைக்கெனச் செய்யப்பட்ட அப்பிறவிகளுக்கு நான்கே ஆண்டுகள் ஆயுள். முடிவில், தன்னைக் கொல்ல வந்தவனையே ஒரு செயற்கைப் பிறவி காப்பாற்றுகிறது. அப்படியானால் சோதனை எதைத்தான் அளந்தது?

தமிழ்த் திரையும் இதைத் தொட்டுள்ளது. 2010ஆம் ஆண்டில் ஷங்கர் இயக்கிய 'எந்திரன்' படத்தில் சிட்டி என்னும் இயந்திரம், தீயிலிருந்து ஒரு பெண்ணைக் குளித்த கோலத்திலேயே தூக்கி வந்து பலர் முன் நிறுத்துகிறது. உயிரைக் காக்கத் தெரிந்த அதற்கு, வெட்கம் என்றால் என்னவென்று தெரியவில்லை. அப்பெண் ஓடி, வண்டியில் அடிபட்டு மாள்கிறாள். அறிவு வேறு, பிறர் உணர்வை அறிதல் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் கூறுவது அரிது.

2022ஆம் ஆண்டு நவம்பரில் 'சாட்ஜிபிடி' வெளிவந்த பின், இயந்திரத்தோடு உரையாடுவது திரைக் கற்பனையாக இல்லாமல் போயிற்று. ஏராளமான எழுத்துகளில் பயின்று, அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துக் கோக்கும் முறையில் அது இயங்குகிறது. அதற்குள் மனம் உண்டு என்றோ, இல்லவே இல்லை என்றோ எல்லாரும் ஏற்கும்படி நிறுவும் சோதனை எதுவும் இன்னும் இல்லை.

நேயர்களே, இவ்வரலாற்றில் இரண்டு தவறுகளைக் காண்கிறோம். எதிரொலிக்கும் இயந்திரத்தில் மனம் இருப்பதாக நம்பிவிடுவது ஒன்று. நாம் எதிர்பார்க்கும் வகையில் விடை தராதவருக்கு மனமே இல்லை என்று தள்ளிவிடுவது மற்றொன்று. இரண்டாவது தவற்றை நாங்களும் செய்ததுண்டு. தொடக்கத்தில் சொன்ன அந்தக் கடைசி வரிசை மாணவியை மந்தமானவள் என்று பதிவேட்டில் எழுதி வைத்தோம். அவளுக்குக் காது சரிவரக் கேட்கவில்லை என்பது ஓராண்டு கழித்தே தெரிய வந்தது. முன் வரிசைக்கு மாற்றி, கேள்வியைத் தாளில் எழுதிக் கொடுத்தோம். ஐம்பத்தாறு பழம் என்று உடனே எழுதினாள். ஆளுக்கு எட்டு என்றால் ஆசிரியருக்கும் எட்டா என்று கீழே கேட்டும் இருந்தாள்.

இயந்திரத்துக்கு மனம் உண்டா என்பதை அறிஞர்கள் ஆராயட்டும். அதற்கு விடை கிடைக்கும் வரையில், நம் எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளையின் மனத்தை அறிய நாம் வைக்கும் சோதனை சரியானதுதானா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.