பாத்துப் போங்க

சென்னையில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவனுக்கு அதிகம் கிடைக்கும் அறிவுரை இரண்டே சொற்கள்: "பாத்துப் போங்க." வீட்டில் சொல்வார்கள், டீக்கடையில் சொல்வார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் எங்கள் அலுவலக வாசலில் நிற்கும் காவலர் அண்ணனும் சொல்வார். அவரும் சைக்கிளில் வருகிறவர்தான். இரவு ஷிஃப்ட் முடித்து அவர் வண்டியை எடுக்கும் நேரத்தில் நான் என் வண்டியை நிறுத்துவேன். "நீங்களும் பாத்துப் போங்கண்ணே" என்பேன். வேறென்ன சொல்வது?

உள்ளே போனால் வேறு கச்சேரி. சாலையில் சைக்கிளுக்குத் தனிப்பாதை வேண்டும் என்று பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "அதெல்லாம் நெதர்லாந்துல நடக்கும் ப்ரோ. சமதரையான ஊரு. அதுவும் இல்லாம அவங்களுக்கு ரத்தத்துலயே சைக்கிள் இருக்கு." சமதரை என்றால் சென்னையும் சமதரைதான். பரங்கிமலையை விட்டால் மிதித்து மூச்சு வாங்க இங்கே மேடு ஏது? ஆனால் அந்த 'ரத்தம்' விஷயத்தை நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். டச்சுக்காரர்களின் சாலை வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அது எவ்வளவு பெரிய கட்டுக்கதை என்று தெரிந்தது.

இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் ஆம்ஸ்டர்டாம் சைக்கிள் நகரமாகத்தான் இருந்தது. ஐம்பதுகளில் அந்த ஊரின் பயணங்களில் பாதிக்கும் மேல் சைக்கிளில் நடந்தவை. அதற்குப் பண்பாடு மட்டும் காரணமில்லை, கையில் காசில்லாததும் ஒரு காரணம். காசு வந்ததும் கார் வந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பொருளாதாரம் வளர வளர, சைக்கிள் ஏழைகளின் வண்டியாகவும் பழைய காலத்தின் மிச்சமாகவும் தெரிய ஆரம்பித்தது. நம் ஊரில் டிவிஎஸ் 50-யும் அதன்பின் பைக்கும் வந்தபோது நடந்தது போலத்தான். நகர்ச் சதுக்கங்கள் கார் நிறுத்துமிடங்களாக மாறின. அகலப்படுத்திய சாலைகளில் முதலில் காணாமல் போனது சைக்கிள் பாதை.

1954-ல் ஆம்ஸ்டர்டாம் காவல்துறைத் தலைவர் காஸ்யாகர் ஒரு திட்டம் கொடுத்தார்: நகரின் கால்வாய்கள் பலவற்றை மண் போட்டு மூடிச் சாலையாக்கிவிடலாம். இன்று உலகமே பார்க்க வருகிற அதே கால்வாய்கள்தான். 1967-ல் டேவிட் யோகினன் என்ற அமெரிக்க ஆலோசகர் இன்னும் ஒருபடி மேலே போனார். பழைய குடியிருப்புகளை இடித்து, நகரின் நடுவரை ஆறுவழிச் சாலையைக் கொண்டுவரச் சொன்னார். இவர்கள் யாரும் வில்லன்கள் அல்ல. வாகனம் பெருகினால் சாலை பெருக வேண்டும் என்ற, நம் பொறியாளர்கள் இன்றும் நம்புகிற அந்தக் கணக்கைத்தான் அவர்களும் போட்டார்கள். இரண்டு திட்டங்களையும் மக்கள் எதிர்த்தார்கள், இரண்டும் கைவிடப்பட்டன. ஆனால் கார்கள் வருவது நிற்கவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ஆம்ஸ்டர்டாமின் சைக்கிள் பயணங்கள் ஏறக்குறைய கால்வாசியாகச் சுருங்கியிருந்தன. ரத்தத்தில் இருந்ததாகச் சொல்லப்பட்ட சைக்கிள் இருபதே வருடத்தில் வற்றத் தொடங்கிவிட்டது.

வற்றாமல் கூடியது சாவு. 1971-ல் நெதர்லாந்துச் சாலைகளில் ஏறக்குறைய 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். அன்று அந்த நாட்டின் மக்கள்தொகையே ஒன்றேகால் கோடியைச் சற்றுத் தாண்டியதுதான். அந்தக் குழந்தைகளில் ஒருத்தி, பள்ளிக்குப் போகும் வழியில் கார் மோதி இறந்த ஆறு வயதுச் சிறுமி. அவளுடைய தந்தை விக் லாங்கன்ஹாஃப் ஒரு பத்திரிகையாளர். 1972-ல் 'டே டைட்' என்ற நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பில் இருந்த 'ஸ்டாப் டே கிண்டர்மோர்ட்' என்ற தொடர் பிறகு ஓர் இயக்கத்தின் பெயரானது. தமிழில் சொன்னால், குழந்தைக் கொலையை நிறுத்து.

இந்த வரலாற்றின் திருப்பம் எனக்கு அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. விபத்து என்றால் விதி. யாரோ ஒரு ஓட்டுநரின் தவறு, அல்லது பார்த்துப் போகாத பிள்ளையின் தவறு. அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டியதுதான். கொலை என்று சொல்லிவிட்டால் அப்படி விட முடியாது. செய்தது யார் என்ற கேள்வி வந்துவிடும். அந்தப் பெற்றோர்கள் விரல் நீட்டியது ஓட்டுநரை நோக்கி மட்டுமல்ல. இந்தச் சாலையை இப்படிப் போட்டது யார், இதற்குக் காசு ஒதுக்கியது யார் என்று கேட்டார்கள்.

இயக்கத்தின் முதல் தலைவர் மார்ட்யே வான் புட்டன், அப்போது கைக்குழந்தை வைத்திருந்த இளம் தாய். பின்னாளில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரானவர். பிள்ளைகள் அடிபட்ட இடங்களில் கூடி உட்கார்ந்தார்கள். தெருக்களை மறித்துக் குழந்தைகளை விளையாட விட்டார்கள். அதோடு நிற்காமல், தெருவை எப்படி மாற்றினால் வண்டிகளின் வேகம் குறையும் என்று வரைபடம் போட்டுக் காட்டினார்கள். இயக்கத்துக்கு அரசே நிதியுதவியும் தந்தது.

காலமும் கைகொடுத்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் நெதர்லாந்துக்கு எண்ணெய் விற்பனையை நிறுத்தின. எரிபொருளை மிச்சப்படுத்த நவம்பர் 4-ம் தேதி முதல் காரில்லா ஞாயிற்றுக்கிழமைகள் அறிவிக்கப்பட்டன. நெடுஞ்சாலையில் ஜனங்கள் சைக்கிள் ஓட்டினார்கள், பிள்ளைகள் ஸ்கேட்டிங் போனார்கள். எண்ணெய் நெருக்கடி எல்லா நாட்டுக்கும்தான் வந்தது. ஆனால் கேள்வி தயாராக இருந்த நாட்டில் அது வேறு மாதிரி வேலை செய்தது. கார் இல்லாத தெரு எப்படி இருக்கும் என்று மக்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

1975-ல் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கென்று ஒரு சங்கம் உருவானது. அதன் பெயரிலேயே ஒரு குத்தல் உண்டு: 'ஒரே உண்மையான' சைக்கிளோட்டிகள் சங்கம். 1883-ல் சைக்கிளோட்டிகளுக்காகத் தொடங்கப்பட்ட பழைய தேசியச் சங்கம் காலப்போக்கில் கார் வைத்திருப்பவர்களின் சங்கமாக மாறிவிட்டிருந்தது. பெயரைக் கேட்டதும் பழைய சங்கம் வழக்குப் போட, புதியவர்கள் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. வேலை மட்டும் நிற்கவில்லை. ஊரில் எங்கெங்கே ஆபத்து என்று வரைபடம் தயாரித்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாகப் பெயின்ட் டப்பாவோடு போய்ச் சாலையில் தாங்களே சைக்கிள் பாதைக் கோடு போட்டார்கள். போலீஸ் பிடித்தது, பத்திரிகையில் படம் வந்தது. 1977, 78-ம் ஆண்டுகளில் ஆம்ஸ்டர்டாமில் ஆயிரக்கணக்கானோர் சைக்கிளோடு பேரணி போனார்கள்.

எழுபதுகளின் நடுவில் அரசு ஹேக், டில்பர்க் ஆகிய இரண்டு ஊர்களில் மாதிரிக்கு ஒவ்வொரு சைக்கிள் வழித்தடம் போட்டுப் பார்த்தது. ஹேக்கில் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். பாதை போட்ட இடத்தில் சைக்கிள்கள் கூடின, ஆனால் காரை விட்டுச் சைக்கிளுக்கு மாறியவர்கள் அதிகமில்லை. காரணம் எளிது. ஒரே ஒரு நல்ல பாதை நம்மை வீட்டிலிருந்து வேலையிடம் வரை கொண்டுசேர்க்காது. அந்தப் பாதை முடிகிற இடத்தில் பழைய பயம் தொடங்கிவிடும். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது புரியும். ஒரு கணினியை மட்டும் வேகமாக்கினால் நெட்வொர்க் வேகமாகிவிடாது. அடுத்ததாக டெல்ஃப்ட் நகரம் ஊர் முழுக்கப் பின்னிய ஒரு வலையமைப்பைக் கட்டியது. அங்கே சைக்கிள் பயணம் கூடியது.

அதே டெல்ஃப்டில்தான் 'வூனெர்ஃப்' என்ற தெரு வகை பிறந்தது. நேர்க்கோட்டை உடைத்து, மரமும் பெஞ்சும் வைத்து, வண்டிகள் நடைவேகத்தில் மட்டும் போகக்கூடிய தெரு. 1976-ல் அது சட்டத்திலேயே இடம்பிடித்தது. பிறகு அந்த நாடு வந்துசேர்ந்த விதி எட்டாம் வகுப்பு இயற்பியல்தான்: வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. ஆகவே எல்லோரும் கலந்து போகும் தெருவில் 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது. அதைவிட வேகம் வேண்டுமென்றால் சைக்கிளுக்குத் தனிப்பாதை போடு. மோட்டார் வண்டி சைக்கிளில் மோதினால் பொதுவாக வண்டிக்காரர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று அவர்களின் சட்டமும் சொல்கிறது. பார்த்துப் போகும் பொறுப்பு எடை கூடியவருக்கு. 2010-ல் அந்த நாட்டுச் சாலைகளில் இறந்த குழந்தைகள் 14 பேர்.

இங்கேயும் காகிதத்துக்குக் குறைவில்லை. நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்குமாக 2014-லேயே சென்னை மாநகராட்சி ஒரு கொள்கையை ஏற்றது. இந்தியாவில் முதல் முறை. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காடு அவர்களுக்கு என்றுகூட அதில் எழுதியிருக்கிறது. குறைந்தது கொள்கையல்ல, கேட்கிற ஆள்.

சென்னையில் வேறு வழியில்லாமல் சைக்கிள் மிதிப்பவர்கள் கேன் டீ விற்பவர்கள், பேப்பர் போடுபவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், ஷிஃப்ட் முடித்த காவலர்கள். அவர்கள் கேட்டால் யார் காதிலும் விழாது. கேட்டால் காதில் விழக்கூடிய என் போன்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், சாலை காலியாக இருக்கும்போது, ஹெல்மெட்டும் விலை உயர்ந்த வண்டியுமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரவுண்டு போய்விட்டுத் திருப்தியாக வீடு திரும்புகிறோம். ஆம்ஸ்டர்டாமில் இந்த இரண்டு கூட்டமும் ஒரே தெருவில் உட்கார்ந்தது. செத்தது எல்லோர் வீட்டுப் பிள்ளையும் என்பதால் அது நடந்தது. இங்கே அந்த வரிசையில் என் வீட்டுப் பெயர் வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

போன வாரம் காவலர் அண்ணனை ஒரு வேன் உரசிவிட்டது. முழங்கையில் கட்டு. "நான்தான் சார் சரியா பாக்கல" என்றார். அவர் போகும் வழியில் நானும் ஒரு நாள் ஓட்டிப் பார்த்தேன். பாலம் இறங்குகிற இடத்தில், வேனும் பஸ்ஸும் ஒன்றாக இடதுபக்கம் திரும்புகிற இடத்தில், ஒரு சைக்கிளுக்கு எந்தப் பக்கமும் இடமில்லை. எவ்வளவு பார்த்தாலும் இல்லை. அந்த இடத்தைப் படமெடுத்து, அளந்து, மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். கீழே முதல் கையெழுத்து அவருடையது.